கல்லுக்குள் அடைபட்ட துளி! கூடங்குளம் பாறையும் சேலம் வெள்ளைக்கல்லும் சொல்லும் பூமியின் கதை

கூடங்குளம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அணு மின் நிலையத்தின் குவிமாடங்கள். அடுத்து, ஊரைச் சுற்றி வரிசைகட்டி நிற்கும் காற்றாலைகள். ராதாபுரம் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு, ஜன்னல் வழியாக முகத்தில் அறையும் அந்தக் காற்றும் நினைவுக்கு வரும்.

அந்த ஊரின் பாறைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வீடு கட்ட ஜல்லியாகவும், வேலிக்குக் கல்தூணாகவும், அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் கொத்திய கருங்கல்லாகவும் மட்டுமே அது நமக்குத் தெரியும். ஆனால், அந்தக் கருங்கல்லை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், உள்ளே குட்டிக் குட்டிக் குமிழிகள் தெரியும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத குமிழிகள். அவற்றுக்குள் அடைபட்டிருப்பது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்தில் ஓடிய திரவமும் வாயுவும்!

இரக்கம் இல்லாதவர் என்று நினைத்தவர் உதவி செய்துவிட்டால், ‘கல்லுக்குள் ஈரம்’ என்போம். புவியியலாளர்களுக்கு அது உவமை அல்ல, தினசரி வேலை. இந்தக் குமிழிகளை அவர்கள் ‘ஃப்ளூயிட் இன்க்ளூஷன்’ என்கிறார்கள். நம் வசதிக்கு இந்தக் கட்டுரையில் ‘சிறைத்துளி’ என்று வைத்துக்கொள்வோம்.

இந்தச் சிறைத்துளிக்கும் நாம் தினமும் செய்திகளில் கேட்கும் புவி வெப்பமாதலுக்கும் நேரடி உறவு இருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

காலுக்குக் கீழே என்ன கல்?

கூடங்குளம், நாகர்கோவில், கன்னியாகுமரி வட்டாரத்தின் அடித்தளப் பாறைகளில் முக்கியமானது ‘சார்னோகைட்’. நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்வதில் இதுவும் அடக்கம். புதிதாக உடைத்த இடத்தில் பார்த்தால் லேசாகப் பச்சை கலந்த, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு தெரியும்.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கொல்கத்தா நகரத்துக்கு அடித்தளமிட்டவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைப் பல்லாவரம் பக்கத்திலிருந்து கொண்டு போனது. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார். நம்மூர்க் கல்லுக்கு ஆங்கிலேய வணிகரின் பெயர் வந்த கதை இதுதான்.

சார்னோகைட்டுடன் சேர்ந்தே இருப்பது, சிவப்புக் கார்னெட் மணிகள் பதிந்த வரிப்பாறை. நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகம், இந்தக் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பாறை உதிர்ந்து, ஆறும் ஓடையும் இழுத்துவந்து, கடல் அலை சலித்துக் கொடுத்த கார்னெட் மணல்தான் உவரி, கூத்தங்குழி கடற்கரைகளில் ஆங்காங்கே செக்கச்சிவப்பாகக் கிடக்கிறது. அங்கே செருப்பில்லாமல் நடந்தவர்கள், ஒரு காலத்தில் பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே வெந்துகொண்டிருந்த பாறையின் துகள்கள் மேல்தான் நடந்திருக்கிறார்கள்.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அன்டார்டிகா எல்லாம் மோதி ஒட்டிக்கொண்டு ‘கோண்டுவானா’ என்ற பெருங்கண்டம் உருவானது. அந்த மோதலில் நம் தென்கோடிப் பாறைகள் ஆழத்தில் சிக்கி, 800 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறின. கேரளத்தின் அச்சன்கோவிலிலிருந்து தென்காசி, திருநெல்வேலிப் பக்கமாக வரும் அச்சன்கோவில் பிளவு மண்டலம், அந்த மோதல் விட்டுச்சென்ற தழும்புகளில் ஒன்று.

அந்த நெருப்பில் பாறை கொதித்தபோது, அதனூடே ஓடிய வாயுவில் கொஞ்சம் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டது. அதுதான் சிறைத்துளி.

கோலி சோடா கணக்கு

துளி எப்படிக் கல்லுக்குள் போகும்?

படிகம் வளரும்போது அதன் மேற்பரப்பு எப்போதும் வழுவழுப்பாக இருப்பதில்லை. சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். சுற்றியுள்ள திரவம் குழிக்குள் தேங்கும். மேலே படிகம் வளர்ந்து வாயை மூடிவிடும். இது முதல் வழி. இரண்டாவது வழியில், வளர்ந்து முடிந்த படிகத்தில் பின்னாளில் விரிசல் விடும். அதற்குள் திரவம் புகும். விரிசல் மெல்ல ஒட்டி ஆறும்போது, தையல் போட்ட தழும்பு போல வரிசையாகத் துளிகள் மாட்டிக்கொள்ளும்.

அடைபட்டபோது உள்ளே இருந்தது கொதிக்கும் திரவம். பாறை மேலே வந்து ஆறியதும், அந்தத் திரவம் சுருங்குகிறது. சுருங்கியதால் உண்டாகும் காலி இடத்தில் ஒரு வாயுக் குமிழி தோன்றுகிறது. கோலி சோடா பாட்டிலில் கோலிக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம், அதற்குக் கீழே சோடா இருக்குமே, கிட்டத்தட்ட அந்த அமைப்புதான். பாட்டிலின் அளவு மட்டும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு!

இந்தக் குமிழியை வைத்துப் பாறை உருவான வெப்பநிலையைக் கண்டுபிடிக்கலாம் என்று 1858-ல் எழுதியவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி. ‘மலையைப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதா?’ என்று அன்றைக்குச் சிலர் சிரித்தார்கள். அவர் சொன்ன வழி இன்றைக்கும் ஆய்வகங்களில் நடைமுறையில் இருக்கிறது.

துளியை விசாரிப்பது எப்படி?

முதலில் கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, இரண்டு பக்கமும் கண்ணாடி போலப் பாலிஷ் போடுகிறார்கள். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் வசதியுள்ள ஒரு சிறு மேடையில் வைத்து, மைக்ராஸ்கோப் வழியே கவனிக்கிறார்கள்.

சூடாக்கும்போது திரவம் மறுபடி விரியும். குமிழி சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டத்தில் காணாமல் போகும். அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள்கிறார்கள். துளி அடைபட்டபோது குறைந்தபட்சம் அந்த அளவு சூடாவது இருந்திருக்க வேண்டும்.

அடுத்து, திரவ நைட்ரஜனால் உறையவைத்து மெதுவாகச் சூடேற்றுகிறார்கள். உள்ளே இருப்பது சுத்தமான தண்ணீர் என்றால், பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும். உப்பு கலந்த தண்ணீர் என்றால் அதற்கும் கீழேயே உருகிவிடும். கடல்நீர் சுமார் மைனஸ் 1.9 டிகிரியில் உருகும். எவ்வளவு கீழே உருகுகிறதோ, அவ்வளவு உப்பு. நாக்கில் வைக்காமலே கரிப்பைச் சொல்லிவிடலாம்!

மைனஸ் 56.6 டிகிரியில் உருகினால், அது தண்ணீரே இல்லை. சுத்தமான கரியமில வாயு. அதற்கும் கீழே உருகினால் மீத்தேன் போன்ற வேறு வாயுவும் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

சந்தேகம் தீரவில்லையா? துளியை உடைக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்ல நம்மவர் ஒருவர் வழி காட்டியிருக்கிறார். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன்! ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது, அந்தப் பொருளுக்கே உரிய நிற மாற்றம் நேரும் என்று 1928 பிப்ரவரி 28-ல் அவர் கண்டறிந்தார். இன்று லேசர் ஒளியைச் சிறைத்துளியின் மீது பாய்ச்சி, சிதறிவரும் ஒளியை வைத்து, ‘இது மீத்தேன், இது கரியமில வாயு’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். உலகெங்கும் சிறைத்துளி ஆய்வகங்களில் ராமனின் பெயர் தாங்கிய கருவி இருக்கிறது.

தெற்கத்திப் பாறை என்ன சொன்னது?

1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் தென்பகுதிப் பாறைகளை ஆராய்ந்த ஜாக் டூரே, மிக ஆழத்தில் வெந்த பாறைகளின் சிறைத்துளிகளில் தண்ணீருக்குப் பதில் அடர்த்தியான கரியமில வாயு நிறைந்திருப்பதைக் கண்டார். உடனே உலகின் பார்வை தென்னிந்தியாவின் பக்கம் திரும்பியது. இவ்வளவு பெரிய பரப்பில் சார்னோகைட் வேறு எங்கே கிடைக்கும்?

கர்நாடகத்தின் கப்பல்துர்காவில், சாதாரண வரிப்பாறைக்குள் திட்டுத்திட்டாகச் சார்னோகைட் உருவாகியிருப்பதை ஜனார்தன், நியூட்டன், ஸ்மித் ஆகியோர் ஆராய்ந்து 1979-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அடுத்து 1980-களில், திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் ஆய்வு மையத்தில் இருந்த எம்.சந்தோஷ், தென்கோடிச் சார்னோகைட்டுகளின் சிறைத்துளிகளை ஆராய்ந்தார். அவற்றில் நிறைந்திருந்ததும் கரியமில வாயுதான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கரியமில வாயுவைத் திரவம், வாயு என்று பிரித்துப் பார்க்க முடிவது 31.1 டிகிரி செல்சியஸ் வரைதான். அதற்கு மேல் இரண்டும் ஒன்றாகிவிடும். அதாவது, திருநெல்வேலிச் சித்திரை வெயிலில் ஏ.சி இல்லாத அறையில் வைத்துப் பார்த்தால், இந்தத் துளிக்குள் குமிழியே தெரியாது. குளிரவைத்தால் சட்டென்று தோன்றும்.

சரி, அத்தனை கரியமில வாயு எங்கிருந்து வந்தது? இதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே ஒரு தடயம் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பகுதியில், ஆழத்தில் வெந்து படிகமாகிப்போன சுண்ணாம்புப் பாறைகள் உண்டு. அவற்றில் கிராஃபைட்டும் இருக்கிறது. பென்சிலில் எழுதுகிறோமே, அதே பொருள். சதீஷ்குமார், சந்தோஷ் உள்ளிட்ட புவியியலாளர்கள் இந்தப் பாறைகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லும் மணல்கல்லும் சேர்ந்து அதீதச் சூட்டில் வெந்தால், கரியமில வாயு வெளியேறும். இது ஒரு மூலம். இன்னும் ஆழத்தில், மேன்டில் என்னும் அடுக்கிலிருந்தே கரியமில வாயு எழும்பி வந்திருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம்.

ஆனால், சிறைத்துளி சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1987-ல் அமெரிக்காவின் அடிரோண்டாக் மலைப் பாறைகளை ஆராய்ந்தவர்கள் ஒரு எச்சரிக்கை மணி அடித்தார்கள். ‘பாறையில் கரியமில வாயு இருக்கிறது என்பது உண்மை. ஆனால், பாறை வெந்தபோதே அது மாட்டியதா, ஆறிய பிறகு விரிசல் வழியே வந்து மாட்டியதா?’ என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. சம்பவம் நடந்த வீட்டில் ஒருவர் நின்றிருந்தார் என்பதாலேயே, அவர் சம்பவத்தின்போது அங்கே இருந்தார் என்று ஆகிவிடாதே! எந்தத் துளி முதலில் அடைபட்டது, எது பிறகு வந்தது என்று பிரிப்பதுதான் இந்தத் துறையின் கஷ்டமான வேலை.

கூடங்குளத்தில் துளி... சேலத்தில் கல்!

தென்கோடிப் பாறையில் கரியமில வாயு துளியாக அடைபட்டிருக்கிறது. அதே வாயு கல்லாகவே மாறிவிட்டால் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே ஓர் இடம் இருக்கிறது. சேலம்.

சேலத்தில் ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. ஒரு கனிமத்தின் பெயரையே தாங்கி நிற்கும் ஜங்ஷன். நகரின் வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்துக்கும் ஓமலூர் சாலைக்கும் நடுவே விரிந்திருக்கிறது சுண்ணாம்புக் கரடு. பெயரில் சுண்ணாம்பு இருந்தாலும், அது சுண்ணாம்பு அல்ல. உள்ளூர்க்காரர்கள் ‘வெள்ளைக்கல்’ என்று சொல்லும் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். தமிழக அரசின் ‘டான்மேக்’ நிறுவனம் உட்பட, தலைமுறைகளாகச் சுரங்க வேலை நடந்த இடம் இது.

வெட்டிய சுரங்கச் சரிவைப் பார்த்தால் பச்சையும் பழுப்புமான பாறையில், வலை பின்னியது போல வெள்ளை நரம்புகள் ஓடும். சில நரம்புகள் நூல் அளவு. சில ஒரு முழம் அகலம்கூட இருக்கும்.

இந்த நரம்புகள் வந்த கதை சுவாரஸ்யமானது. மூலப் பாறையின் பெயர் டூனைட். பூமியின் மேன்டில் அடுக்குக்கு நெருங்கிய உறவுக்காரப் பாறை. அதில் நிறைந்திருப்பது ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். ஆழத்திலேயே இருக்கும்வரை ஆலிவின் சாதுவாக இருக்கும். மேலே வந்து தண்ணீரைப் பார்த்தால் போதும், தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு செர்பென்டைன் என்ற வேறு கனிமமாக மாறிவிடும். பாம்புத் தோல் போன்ற பச்சை வரிகள் இருப்பதால் அந்தப் பெயர்.

இந்த மாற்றத்தில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, பாறை உப்பி விரிசல் விடுகிறது. ஊறவைத்த கொண்டைக்கடலை தோலைப் பிளப்பது போல. இரண்டு, பாறையிலிருக்கும் இரும்பு தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது.

விரிசல் விட்ட பாறைக்குள் கரியமில வாயு கலந்த தண்ணீர் வந்தால், அது பாறையின் மெக்னீசியத்துடன் கைகோத்துக்கொள்கிறது. பிறப்பது வெள்ளைக்கல். நம் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதுவும் கரியமில வாயு கல்லாக மாறும் ஒரு சின்ன உதாரணம்தான்.

மழையா, ஆழமா?

வெள்ளைக்கல்லுக்குத் தேவையான கரியமில வாயு எங்கிருந்து வந்தது? இந்த வகை வெள்ளைக்கல் ஆஸ்திரியா, கிரீஸ், துருக்கி ஆகிய நாடுகளிலும் உண்டு. எல்லா இடத்திலும் இதே கேள்விதான்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு போய்ப் பாறையைக் கரைத்தது என்பது ஒரு கட்சி. அடியாழத்திலிருந்து சூடாக மேலேறிய கரியமில வாயுதான் காரணம் என்பது இன்னொரு கட்சி.

இங்கேதான் சிறைத்துளிக்கு வேலை. மழைநீர் என்றால், துளி குளிர்ந்த நிலையிலேயே அடைபட்டிருக்கும். பிறகு சுருங்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால் பெரும்பாலும் குமிழி இருக்காது. உப்பும் குறைவாக இருக்கும். சூடான ஆழத்து நீர் என்றால் குமிழி இருக்கும். குமிழி இருக்கிறதா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியே பாதி வழக்கை முடித்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், சேலத்து வெள்ளைக்கல்லின் படிகங்கள் மிக மிக நுண்ணியவை. பீங்கானை உடைத்தது போல வழவழவென்று இருக்கும். குமிழியைத் தேடுவதற்கு அங்கே இடமே இல்லை. போதாக்குறைக்கு, கார்பனேட் படிகங்கள் மென்மையானவை. உள்ளே துளி இருந்தாலும், சற்றே கூடுதலாகச் சூடாக்கினால் சுவர் விரிந்தோ கசிந்தோ போய்விடும். அப்புறம் அது சொல்லும் வெப்பநிலை தப்பாகிவிடும். அதனால், இப்படிப்பட்ட இடங்களில் கார்பன், ஆக்ஸிஜன் அணுக்களின் எடை வேறுபாட்டை அளந்து, நீர் வந்த வழியை ஊகிக்கிறார்கள். ஒரு சாட்சி வாய் திறக்காவிட்டால், வேறு சாட்சியைத் தேடுவது போலத்தான்.

கடலுக்கு அடியில் ஒரு வெள்ளை நகரம்

சேலத்தில் என்றோ நடந்து முடிந்தது, வேறொரு வடிவில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 2000-ம் ஆண்டு டிசம்பரில், அட்லான்டிக் கடலின் நடுவே ஆய்வுக் கப்பலில் போனவர்கள், கடலடியில் சுமார் 60 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கும் வெள்ளைக் கோபுரங்களைக் கண்டார்கள். ‘லாஸ்ட் சிட்டி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கோபுரங்களும் கார்பனேட்தான். கீழே இருப்பது செர்பென்டைனாக மாறிக்கொண்டிருக்கும் பாறை. அதிலிருந்து வெதுவெதுப்பான நீரும் ஹைட்ரஜனும் மீத்தேனும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் தின்றே வாழும் நுண்ணுயிர்களும் அங்கே உண்டு. பூமியில் முதல் உயிர் இப்படி ஓர் இடத்தில் தோன்றியிருக்கலாம் என்று கருதும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

2015-ல் ஃப்ரீடர் கிளைன் குழுவினர், ஐபீரியக் கடலோரத்தின் கடலடிப் பாறையில் ஓடிய இதே மாதிரியான கார்பனேட் நரம்புகளுக்குள், கோடி ஆண்டுகள் பழைமையான நுண்ணுயிர்களின் எச்சங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். 2019-ல் அதே கிளைன் தலைமையில் இன்னொரு முடிவு வந்தது. உலகின் பல இடங்களிலிருந்து எடுத்த சுமார் 160 கடலடிப் பாறை மாதிரிகளை ஆராய்ந்ததில், ஆலிவினுக்குள் அடைபட்ட சிறைத்துளிகளில் மீத்தேன் பரவலாக இருந்தது. எந்த உயிரின் உதவியும் இல்லாமல், துளிக்குள் இருந்த தண்ணீர் ஆலிவினின் சுவரையே செர்பென்டைனாக மாற்றி, ஹைட்ரஜனை உண்டாக்கி, அது கரியமில வாயுவுடன் சேர்ந்து மீத்தேன் ஆகியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, தனக்குள்ளேயே ஒரு சமையலறை நடத்தியிருக்கிறது! அங்கே மீத்தேனைக் காட்டிக்கொடுத்ததும் ராமன் கருவிதான்.

அரை கிலோ வாயு

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

சுத்தமான வெள்ளைக்கல் ஒரு கிலோ எடுத்தால், அதில் சுமார் 520 கிராம் கரியமில வாயு. சுண்ணாம்புக்கல் ஒரு கிலோவில் சுமார் 440 கிராம். கிட்டத்தட்டப் பாதிக் கல், வாயுதான்!

இரும்பு உருக்காலைகளின் உலைச் செங்கலுக்கு வெள்ளைக்கல் வேண்டும். அதைச் சூளையில் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு, 2,800 டிகிரி வரை உருகாது. திருநெல்வேலி தாழையூத்தில் 1949 முதல் சிமென்ட் தயாராகிறதே, அதற்கும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாக வேண்டும். இரண்டு சூளைகளிலும் கல்லுக்குள் இருந்த வாயு வெளியேறி வானத்துக்குப் போகிறது. பூமி பல காலமாகப் பூட்டிவைத்ததை, நாம் சில மணி நேரத்தில் திறந்துவிடுகிறோம். வீடும் பாலமும் இரும்பும் வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், விலை என்ன என்று தெரிந்திருப்பது நல்லது.

திறந்ததை மறுபடி பூட்ட முடியுமா? முடியும் என்று காட்டியது ஐஸ்லாந்து. அங்கே ஹெட்லிஷெய்டி புவிவெப்ப மின் நிலையத்தில் 2012-ல் ஒரு சோதனை நடந்தது. கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து, அதாவது சோடாவாக்கி, பசால்ட் பாறைக்குள் செலுத்தினார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் அதில் 95 சதவிகிதத்துக்கும் மேல் கார்பனேட் கல்லாக மாறிவிட்டது என்று 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தார்கள். ஆலிவின் நிறைந்த ஓமன் நாட்டு மலைகளிலும் இதற்கான ஆய்வுகள் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மவுன்ட் கீத் நிக்கல் சுரங்கத்தில், வெளியே கொட்டிய செர்பென்டைன் கழிவுத் தூளே காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சுவதைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

இப்படிப் பூட்டிய வாயு உள்ளேயே இருக்குமா, கசிந்துவிடுமா என்பதுதான் அடுத்த கேள்வி. கோடி ஆண்டுகளாகக் கசியாமல் ஒரு துளியை அடைத்துவைத்த படிகங்கள், இயற்கை ஏற்கெனவே செய்துமுடித்த சோதனை. எந்தக் கனிமம் தாங்கியது, எது கசியவிட்டது என்பதற்கு அவற்றிடம் பதில் இருக்கிறது. சிறைத்துளி ஆய்வு வெறும் பழங்கதை அல்ல என்பது இதனால்தான்.

துளி சொல்லாதது

கூடங்குளத்துக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கும். 2011, 2012-ல் இடிந்தகரைப் போராட்டம் நடந்த நாள்களில், அணு உலைக்குக் கீழே இருக்கும் பாறை எப்படிப்பட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. சிறைத்துளி அதற்குப் பதில் சொல்லுமா?

சொல்லாது. 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்ன சூடு, என்ன வாயு என்று அது சொல்லும். நாளைக்கு நிலம் அதிருமா என்று சொல்லாது. அதற்கு நிலநடுக்கப் பதிவுகள், பிளவுகளின் வரைபடம், ஆழ்துளையிட்டு எடுத்த மாதிரிகள் என்று வேறு சாட்சிகள் வேண்டும். ஒரு சாட்சியிடம் அதற்குத் தெரிந்ததை மட்டும் கேட்பதுதான் நியாயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெல்லை, குமரி மாவட்டச் சாலைகளில் கருங்கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளைத் தினமும் பார்க்கிறோம். ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் நொறுங்கும் கல்லை மறுபடி ஒட்ட முடியாது. கட்டடத்துக்குக் கல் வேண்டும்தான். அதே நேரத்தில், ஒவ்வொரு வகைப் பாறையிலும் சில இடங்களையாவது அடுத்த தலைமுறை படிப்பதற்கு விட்டுவைப்பதில் நமக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்!

விடுமுறையில் குழந்தைகளுடன் செய்ய ஒரு சின்னச் சோதனை. ராதாபுரம் பக்கம் கிணறு வெட்டும்போது வரும் வெள்ளைச் சுக்கான் கல்லோ, கடற்கரைக் கிளிஞ்சலோ கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் யாராவது அதைப் பொடித்துக் கொடுக்கட்டும். பொடியின் மேல் சமையல் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துக்கொண்டு குமிழி வரும். வருவது, கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு.

சேலம் போகும்போது வெள்ளைக்கல் துண்டு ஏதாவது கிடைத்தால், அதன் மேலும் விட்டுப் பாருங்கள். அது அசையாது. மெக்னீசியத்தின் பிடி அவ்வளவு இறுக்கம். பார்க்க இரண்டும் வெள்ளைதான், குணம் வேறு. சுக்கான் கல், மேற்பரப்புக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் நீர் வற்றிப் படிந்தது. அதன் அடியில் இருக்கும் கருங்கல்லோ ஆழத்தில் வெந்து வந்தது. ஒரே கிணற்றின் சுவரில் இரண்டையும் பார்க்கலாம்.

அடுத்த முறை கூடங்குளம் பக்கம் போனால், காற்றாலையோடு செல்ஃபி எடுத்த கையோடு, சாலையோரத்துக் கருங்கல் ஒன்றையும் தொட்டுப் பாருங்கள். வெயிலில் சுடும். 31 டிகிரியைத் தாண்டிய அந்தச் சூட்டில், உள்ளே இருக்கும் துளிகளில் குமிழி எதுவும் இருக்காது. இரவில் கடல் காற்று பட்டுக் கல் நன்றாகக் குளிர்ந்ததும், சில துளிகளில் அது திரும்ப வந்து உட்காரும்.